அரபு நாட்டுக் கதைக்குத் தமிழ் உடுத்தியவர்
எட்டயபுரம் உமறுப் புலவரின் வாழ்க்கை வரலாறு

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் எட்டயபுரம்.

வழி எங்கும் கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால், எடுத்து வைக்கும் காலோடு மண்ணும் கிளம்பி வரும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி, மிளகாய் இவைதாம் இந்தப் பூமியின் செல்வம். பாசனத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. வானம் பார்த்த பூமி.

எட்டயபுரம் என்றதும் எல்லோருக்கும் பாரதியார் நினைவுக்கு வருவார். 1882-ம் ஆண்டு அவர் பிறந்த ஊர் அது.

பாரதியார் பிறப்பதற்கு ஏறத்தாழ 240 ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊரின் பெயரை விளங்கச் செய்த இன்னொரு பெரும் புலவர் இருந்தார்.

அவர் ஒரு முஸ்லிம். அவரை ஆதரித்தது இந்து ராஜாவின் அரண்மனை. அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் ஓர் இந்துப் புலவர். அவர் பாடியதோ, அரபு நாட்டில் பிறந்த நபிகள் நாயகத்தின் வாழ்க்கை.

அவர்தான் உமறுப் புலவர். அவர் பாடிய காப்பியம் சீறாப்புராணம்.

அந்தக் காப்பியம் எளிதாகப் பிறந்துவிடவில்லை. பாட வந்தவரை ஒரு பெரியவர் திருப்பி அனுப்பினார். பாடச் சொன்ன வள்ளல் பாதியில் மறைந்தார். எல்லாவற்றையும் தாண்டித்தான் அது நம் கைக்கு வந்திருக்கிறது.

அத்தர் வியாபாரியின் மகன்

உமறுப் புலவரின் தந்தை பெயர் சேகு முதலியார். முதலியார் என்பது அந்தக் காலத்தில் மதிப்புக்குரியவர்களுக்கு வழங்கிய பட்டம். அவர் வாசனைப் பொருள் வியாபாரி. நாகலாபுரத்தில் தங்கியிருந்து, பிறகு எட்டயபுரத்துக்கு வந்து குடியேறினார் என்று சொல்வார்கள்.

அப்போது எட்டயபுரம் ஒரு பாளையம். எட்டப்ப நாயக்கர் வம்சத்தார் அதை ஆண்டு வந்தார்கள். அவர்களுடைய தாய்மொழி தெலுங்கு. ஆனாலும் அரண்மனையில் தமிழ்ப் புலவர்களுக்குத் தனி மரியாதை இருந்தது. வாசனைப் பொருள்களுக்கும் அரண்மனையில் நல்ல கிராக்கி. ஆகவே, வியாபாரி சேகு முதலியாருக்கு அரண்மனை வாசல் எப்போதும் திறந்திருந்தது.

அவருக்கு 1642-ம் ஆண்டு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. உமறு என்று பெயர் வைத்தார்கள்.

பையனைத் தம்மைப் போலவே வியாபாரத்தில் இறக்கிவிடத் தந்தை நினைத்திருக்கலாம். ஆனால் பையனுக்கு அத்தர் மணத்தைவிட ஏட்டின் மணம் பிடித்திருந்தது.

எட்டயபுரம் அரண்மனையில் அப்போது கடிகைமுத்துப் புலவர் என்ற பெரிய வித்துவான் இருந்தார். சமஸ்தானப் புலவர் அவர்தான். உமறு அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். பனை ஓலையும் எழுத்தாணியுமாகப் பாடம் நடந்தது. இலக்கணம் படித்தார். கம்பராமாயணம் படித்தார். சீவக சிந்தாமணி போன்ற பழைய காப்பியங்களையும் படித்தார்.

மாணவன் வேறு மதத்தைச் சேர்ந்தவன் ஆயிற்றே என்று ஆசிரியர் தயங்கவில்லை. ராமன் கதையைப் படிப்பதா என்று மாணவரும் தயங்கவில்லை. இருவருக்கும் நடுவே தமிழ் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

வாலை வாரிதி வந்தார்

அந்தக் காலத்தில் புலவர்களுக்குள்ளும் மல்யுத்தம் உண்டு. கையால் அல்ல, பாட்டால். ஊர் ஊராகப் போய்ச் சவால் விடுவார்கள். வென்றால் விருது. தோற்றால் தலைகுனிவு.

அப்படி எட்டயபுரத்துக்கு ஒருவர் வந்தார். பெயர் வாலை வாரிதி. வடநாட்டிலிருந்து வந்தவர். கடிகைமுத்துப் புலவர் தம்மோடு வாதுக்கு வர வேண்டும் என்று அரண்மனையில் சவால் விட்டார்.

கடிகைமுத்துப் புலவருக்குக் கவலை பிடித்துக் கொண்டது. வயது முதிர்ந்தவர். வந்தவரோ பல சபைகளில் வென்றவர். இத்தனை காலம் சம்பாதித்த பெயர் ஒரே நாளில் போய்விடுமோ என்று அஞ்சினார்.

ஆசிரியரின் முகவாட்டத்தை உமறு கண்டார். குருவின் சார்பில் தாமே போவதாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 16 என்று சொல்வார்கள்.

சபை கூடியது. ஒரு பக்கம் நாடறிந்த வித்துவான். மறு பக்கம் மீசை அரும்பாத பையன். பாட்டுக்குப் பாட்டு நடந்தது. கடைசியில் உமறு தம் எழுத்தாணியை நிறுத்தி வைத்து, அந்த எழுத்தாணியையே பாட வைத்தார் என்று ஊரார் கதை சொல்வார்கள். அது செவிவழி வந்த கதை. எழுத்தாணி பாடியதோ இல்லையோ, அன்று உமறு பாடினார். வாலை வாரிதி தோல்வியை ஒப்புக் கொண்டார்.

கடிகைமுத்துப் புலவருக்கு ஆனந்தக் கண்ணீர். ராஜாவுக்குப் பெருமை. உமறுவை அரசவைப் புலவராக நியமித்தார்கள். ஆசிரியர் இருந்த இடத்தில் மாணவர் அமர்ந்தார்.

கரிசலும் கடலும்

எட்டயபுரத்தில் கடல் இல்லை. ஆனால் அதன் பருத்திக்கும் கடலுக்கும் உறவு உண்டு.

கரிசல் காட்டில் பருத்தி விளையும். நூல் நூற்பார்கள். தறியில் துணியாகும். அந்தத் துணி கடற்கரைத் துறைமுகங்களுக்குப் போகும். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து மரைக்காயர்களின் கப்பல்கள் அதை ஏற்றிச் செல்லும். மலாக்கா, கடாரம், சுமத்ரா தீவின் அச்சே ஆகிய துறைமுகங்களில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகளைச் சூலியர் என்று அழைத்தார்கள். சோழமண்டலக் கரையின் துணி, பிலிப்பைன்ஸ் தீவுகளின் மணிலா வரை போயிற்று.

கப்பல் துணியை மட்டும் கொண்டு போகவில்லை. மொழியையும், கதைகளையும், வழிபாட்டையும் கொண்டு போயிற்று. கொண்டும் வந்தது.

கடற்கரை முஸ்லிம்கள் மார்க்கத்தை அரபு மொழியில் படித்தார்கள். வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ் பேசினார்கள். தமிழையே அரபு எழுத்தில் எழுதும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. 1572-ம் ஆண்டிலேயே ஆயிர மசலா என்ற இஸ்லாமியத் தமிழ் நூல் அரங்கேறிவிட்டது. அதைப் பாடியவர் வண்ணப் பரிமளப் புலவர்.

ஆனாலும் அவர்களுக்கு ஒரு குறை இருந்தது. ராமனுக்குத் தமிழில் காப்பியம் இருக்கிறது. சிவனடியார்களுக்குப் பெரியபுராணம் இருக்கிறது. நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைச் சொல்லும் பெரிய தமிழ்க் காப்பியம் இல்லையே என்பதுதான் அந்தக் குறை.

சீதக்காதியின் ஆசை

அந்தக் குறையைத் தீர்க்க ஆசைப்பட்டவர் கீழக்கரைச் சீதக்காதி.

செத்தும் கொடுத்த சீதக்காதி என்று இன்றும் சொல்கிறோமே, அந்த வள்ளல்தான். அவருடைய இயற்பெயர் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர். கப்பல் வியாபாரி. ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு உற்ற தோழர். சேதுபதி தம் பெயரையே அவருக்குப் பட்டமாகக் கொடுத்து, விஜய ரகுநாத பெரிய தம்பி மரைக்காயர் என்று அழைத்தார். அவரோடு வியாபாரத்தில் போட்டி போட்ட டச்சுக்காரர்கள் தங்கள் கடிதங்களில் பெரிய தம்பி என்று அவரைக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

அவருடைய வீட்டில் புலவர்களுக்கு எப்போதும் இலை போட்டிருக்கும். இந்துப் புலவர், முஸ்லிம் புலவர் என்ற பேதம் கிடையாது. படிக்காசுப் புலவர் போன்றவர்கள் அவரைப் பாடிப் பரிசு பெற்றார்கள்.

எட்டயபுரத்தில் ஒரு முஸ்லிம் இளைஞர் அரசவைப் புலவராக இருக்கிறார் என்ற செய்தி சீதக்காதியின் காதுக்கு எட்டியது. நபிகள் நாயகத்தின் வரலாற்றைக் காப்பியமாகப் பாடித் தர வேண்டும் என்று அவர் உமறுவைக் கேட்டுக் கொண்டார்.

உமறு மகிழ்ச்சியோடு ஒப்புக் கொண்டார். ஆனால் ஒரு தடை இருந்தது. நாயகத்தின் வரலாறு அரபு மொழி நூல்களில் இருந்தது. உமறு தமிழ்க் கடலைக் குடித்தவர். அரபு நூல்களின் ஆழம் அறிந்தவர் அல்லர். யாராவது அந்த வரலாற்றைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு நிகழ்ச்சி முன்னே பின்னே போனாலும் குற்றம். இல்லாததைச் சேர்த்தாலும் குற்றம்.

அதைச் சொல்லத் தகுதி உள்ளவர் சதக்கத்துல்லாஹ் அப்பா. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மகான். அரபு மொழியில் கவிதை பாடக்கூடிய பேரறிஞர். பாளையங்கோட்டையில் 1971-ல் தொடங்கிய கல்லூரி ஒன்று இன்றும் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவரிடம் போகும்படி சீதக்காதி உமறுவை அனுப்பி வைத்தார்.

உடை செய்த தடை

அரண்மனைப் புலவர் அல்லவா? உமறு நன்றாக உடுத்திக் கொண்டு போனார். எட்டயபுரம் சபையில் எப்படி இருப்பாரோ, அப்படியே போய் நின்றார். ஆடையும் அணியும் அரண்மனைப் பாணியில் இருந்தன.

சதக்கத்துல்லாஹ் அப்பா எளிமையே உருவானவர். அவர் நிமிர்ந்து பார்த்தார். வந்தவருடைய கோலம் அவருக்குப் பிடிக்கவில்லை. மார்க்க நெறியில் நிற்பவரின் தோற்றமாக அது தெரியவில்லை. நாயகத்தின் வாழ்க்கையை இவரிடம் ஒப்படைப்பதா என்று நினைத்தார். உரை சொல்ல மறுத்துவிட்டார்.

உமறுவின் மனம் எப்படி இருந்திருக்கும்?

இந்து ராஜாவின் சபையில் அவருடைய மதத்தை யாரும் குறையாக நினைக்கவில்லை. தம் மார்க்கத்துப் பெரியவரின் வீட்டிலோ அவருடைய உடை குறையாகிவிட்டது. அரண்மனை அவரை ஏற்றுக் கொண்டது. அந்த அரண்மனைக் கோலமே இப்போது குறுக்கே நின்றது.

வேறு ஒருவராக இருந்தால் கோபித்துக் கொண்டு ஊர் திரும்பியிருப்பார். அரசவைப் புலவர் பதவி இருக்கிறது. சோற்றுக்குக் கவலை இல்லை. யாருக்காக இந்த அவமானம் என்று போயிருக்கலாம்.

உமறு போகவில்லை. பள்ளிவாசலில் போய் அமர்ந்தார். அழுதார். நாயகத்தை நினைத்துப் பாடினார். அப்படியே கண்ணயர்ந்தார்.

அன்றிரவு அவருடைய கனவில் நபிகள் நாயகம் தோன்றி, மறுபடியும் போகச் சொன்னதாகக் கதை சொல்கிறது. சதக்கத்துல்லாஹ் அப்பாவின் கனவிலும் தோன்றி, உமறுவுக்கு உதவும்படி சொன்னதாகவும் அந்தக் கதை கூறும்.

காலையில் உமறு போனபோது பெரியவர் அன்போடு வரவேற்றார். முதல் நாள் உடையைப் பார்த்தவர், இரண்டாம் நாள் உள்ளத்தைப் பார்த்தார்.

பெரியவர்கள் தவறே செய்யாதவர்கள் என்று இந்தக் கதை சொல்லவில்லை. எடுத்த முடிவை மாற்றிக் கொள்ளவும் தெரிந்தவர்கள் பெரியவர்கள் என்று சொல்கிறது. அதனால்தான் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக மக்கள் இதை மறக்காமல் சொல்லி வருகிறார்கள்.

பரங்கிப்பேட்டையில் பாடம்

சதக்கத்துல்லாஹ் அப்பா தம் மாணவர் ஒருவரிடம் உமறுவை அனுப்பினார் என்பது வழக்கு. அந்த மாணவர் இருந்த ஊர் பரங்கிப்பேட்டை. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள பழைய துறைமுகம்.

கரிசல் காட்டுப் புலவர் கடற்கரைக்குப் போனார். அங்கே ஒருவர் அரபு நூல்களைப் பார்த்துக் கதை சொல்ல, இவர் அதைத் தமிழில் வாங்கிக் கொண்டார். இன்ன ஊர், இன்ன குலம், இன்ன போர், இன்னார் சொன்ன சொல் என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் குறித்துக் கொண்டார். பிறகு பாட ஆரம்பித்தார்.

இந்த நேரத்தில் இடி விழுந்தது. சீதக்காதி காலமாகிவிட்டார். காப்பியம் முடியவில்லை.

ஆதரித்தவர் போய்விட்டால் அந்தக் காலத்தில் நூலும் நின்றுவிடும். ஓலைக்குச் செலவு, எழுதுபவனுக்குச் செலவு, அரங்கேற்றத்துக்குச் செலவு என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்.

உமறு திகைத்து நின்றபோது பரங்கிப்பேட்டை வணிகர் அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்தார். ஆகும் செலவைத் தாம் ஏற்றுக் கொண்டார். அவருடைய ஆதரவில் காப்பியம் அரங்கேறியது.

அந்த நன்றியை உமறு மறக்கவில்லை. தம்மை ஆதரித்த சடையப்ப வள்ளலைக் கம்பர் தம் ராமாயணத்தில் பாடி வைத்தார் அல்லவா? அதே போல உமறு தம் காப்பியத்தின் பல இடங்களில் அபுல் காசிமைப் பாடி வைத்திருக்கிறார்.

பாலைவனத்தில் நெல் வயல்

சீறா என்பது அரபுச் சொல். வாழ்க்கை வரலாறு என்று பொருள். புராணம் என்பது நம் நாட்டுச் சொல். நூலின் பெயரிலேயே இரண்டு நாடுகள் கைகோத்து நிற்கின்றன.

காப்பியத்தில் மூன்று காண்டங்கள் உண்டு. முதலாவது விலாதத்துக் காண்டம். நாயகத்தின் பிறப்பையும் இளமையையும் கூறுவது. இரண்டாவது நுபுவ்வத்துக் காண்டம். அவர் இறைத்தூதரானதைக் கூறுவது. மூன்றாவது ஹிஜிறத்துக் காண்டம். 622-ம் ஆண்டு அவர் மக்காவை விட்டு மதீனாவுக்குச் சென்றதையும், அதன்பின் நடந்தவற்றையும் கூறுவது. மொத்தம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள்.

அரபு நாடு பாலைவனம். மணலும் பேரீச்ச மரமும் ஒட்டகமும் உள்ள பூமி. ஆனால் உமறு பாடும் அரபு நாட்டில் மேகம் கடல் நீரை முகந்து வரும். மலையில் மழை கொட்டும். ஆறு பெருகி வரும். உழவர் நாற்று நடுவார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று தமிழ் நாட்டின் ஐந்து நிலங்களும் அங்கே இருக்கும்.

இதைப் படித்துச் சிலர் வியப்பார்கள். உமறுவுக்கு அரபு நாடு எப்படி இருக்கும் என்று தெரியாதா என்று கேட்பார்கள்.

தெரியாமல் பாடியது அல்ல அது. நாட்டு வளமும் நகர வளமும் பாடித்தான் கதையைத் தொடங்க வேண்டும் என்பது தமிழ்க் காப்பிய மரபு. கம்பர் அயோத்தியைப் பாடும்போது காவிரிக் கரையைத்தானே பாடினார்! உமறுவும் அந்த வழியில் போனார். பெரியவர் பிறந்த நாடு செழிப்பாக இருந்தது என்று தமிழில் சொல்வதற்கு, தமிழனுக்குத் தெரிந்த செழிப்பைத்தான் காட்ட வேண்டும்.

இன்னொன்றும் நினைத்துப் பார்க்கத் தக்கது. மழைக்கு ஏங்கும் கரிசல் பூமியில் வளர்ந்தவர் அவர். தண்ணீரின் அருமை அவருக்குத் தெரிந்த அளவுக்கு ஆற்றங்கரைப் புலவருக்குக்கூடத் தெரிந்திருக்குமா?

மானுக்குப் பிணை நின்ற கதை

சீறாப்புராணத்தில் எல்லோர் மனத்தையும் தொடுவது மான் கதை. பள்ளிப் பாடப் புத்தகங்களிலும் இது இடம் பெற்றிருக்கிறது.

ஒரு நாள் நபிகள் நாயகம் காட்டு வழியே போகிறார். அங்கே ஒரு வேடன். அவன் வலையில் ஒரு பெண் மான் அகப்பட்டுக் கிடக்கிறது. கால்கள் கட்டப்பட்டிருக்கின்றன. பால் நிறைந்து கனக்கும் மடி.

மான் நாயகத்தைப் பார்க்கிறது. தன் துயரத்தைச் சொல்கிறது. தனக்கு ஒரு குட்டி இருக்கிறது. அது இன்னும் புல் மேயப் பழகவில்லை. பசியால் வாடிக் கொண்டிருக்கும். ஒரு முறை போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்துவிட்டால், பிறகு வேடன் கையில் சாவதற்கு வருத்தம் இல்லை. இதுதான் மானின் வேண்டுகோள்.

மானை அவிழ்த்துவிடும்படி நாயகம் வேடனிடம் கேட்கிறார். காட்டுக்குப் போன மான் திரும்பி வந்ததாக எங்காவது உண்டா என்று வேடன் சிரிக்கிறான். அப்போது நாயகம் தாமே அந்த மானுக்குப் பிணை நிற்கிறார். மான் வராவிட்டால் அதற்கு ஈடு கொடுப்பதாக வாக்குக் கொடுக்கிறார்.

மான் ஓடுகிறது. குட்டிக்குப் பால் கொடுக்கிறது. நடந்ததைத் தன் கூட்டத்தாரிடம் சொல்கிறது. போகாதே என்று மற்ற மான்கள் தடுக்கின்றன. தனக்காக ஒருவர் பிணை நிற்கும்போது வராமல் இருப்பது தகாது என்று மான் சொல்லிவிடுகிறது. குட்டியும் தாயை விடாமல் பின்னாலேயே வருகிறது.

போன மான் குட்டியோடு திரும்பி வருவதைக் கண்டு வேடன் திகைக்கிறான். அவன் மனம் மாறுகிறது. நாயகத்தின் வழியில் சேர்கிறான். மானும் குட்டியும் காட்டுக்குத் திரும்புகின்றன.

அரபு நாட்டிலிருந்து வந்த கதை இது. ஆனால் கரிசல் காட்டில் ஆடு மேய்க்கும் பெண்ணுக்கும் இது புரியும். பால் கட்டிய மடியின் வலி அவளுக்குத் தெரியும். கடனுக்குப் பிணை நிற்பது என்றால் என்ன என்று சம்சாரிக்கும் தெரியும். மதம் எதுவானாலும் தாய் தாய்தான், வாக்கு வாக்குதான். உமறு இதைத்தான் தமிழ் மக்கள் கண்முன் நிறுத்தினார்.

தூரத்துத் தீவில் ஒரு ராமன் கதை

இப்படி ஒரு மதத்தாரின் கதை இன்னொரு மரபின் உடையில் வருவது நம் ஊரில் மட்டும் நடந்ததா?

இல்லை. நம் துணி ஏறிப் போன அந்தப் பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் நடந்தது.

அங்கேயும் இஸ்லாம் கடல் வழியாக, வியாபாரிகளோடும் ஞானிகளோடும் போயிற்று. சூலு தீவுகளில் 15-ம் நூற்றாண்டில் ஒரு சுல்தானகம் தோன்றியது. மிண்டனாவோ தீவிலும் சுல்தான்கள் ஆண்டார்கள். மணிலாவை ஆண்ட சுலைமான் ராஜாவும் புருணை சுல்தான் குடும்பத்தோடு உறவு உடையவர். ராஜா என்ற நம் நாட்டுப் பட்டமும் சுலைமான் என்ற பெயரும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்ததைக் கவனியுங்கள். 1571-ல் மணிலாவை ஸ்பானியர் பிடித்துக் கொண்டார்கள். ஆனால் தெற்கே சுல்தான்கள் பணியவில்லை. உமறு எட்டயபுரத்தில் தமிழ் படித்துக் கொண்டிருந்த காலத்தில் மிண்டனாவோவில் சுல்தான் குதரத் ஸ்பானியரை எதிர்த்து ஆண்டு கொண்டிருந்தார். 1671-ல்தான் அவர் மறைந்தார்.

அந்த முஸ்லிம்களுக்கு ஸ்பானியர் மோரோ என்று பெயர் வைத்தார்கள். நம் கடற்கரை முஸ்லிம்களைப் போர்ச்சுக்கீசியர் மூர் என்று அழைத்தார்கள். இரண்டும் ஒரே சொல்தான். தங்கள் நாட்டில் பழகிய பெயரை ஐரோப்பியர் எல்லாக் கடற்கரையிலும் ஒட்டிவிட்டார்கள்.

மிண்டனாவோவில் மரனாவோ என்ற முஸ்லிம் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களிடம் மகாராதியா லவானா என்ற பழங்கதை உண்டு. மகாராஜா ராவணன் என்பதுதான் அந்தப் பெயர்! ராமாயணம் கடல் தாண்டிப் போய், அந்த மக்கள் வாயில் அப்படி மாறியிருக்கிறது. ஹுவான் பிரான்சிஸ்கோ என்ற பிலிப்பைன்ஸ் அறிஞர் 20-ம் நூற்றாண்டில் அதைச் சேகரித்து வெளியிட்டார்.

அங்கே முஸ்லிம்கள் ராமன் கதையைத் தங்கள் கதையாக வைத்துக் கொண்டார்கள். இங்கே ராமன் கதை படித்த முஸ்லிம் புலவர், அந்தக் கம்பர் வழியிலேயே நாயகத்தின் கதையைப் பாடினார். இரண்டு கரைகளுக்கும் நடுவே பெரிய கடல் இருக்கிறது. மனிதர் மனம் ஒன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது.

ஓலையிலிருந்து அச்சுக்கு

உமறுப் புலவர் வேறு நூல்களும் பாடினார். முதுமொழி மாலை அவற்றில் ஒன்று. சீதக்காதியின் திருமண வாழ்த்தும் அவர் பாடியது என்பார்கள்.

1703-ம் ஆண்டு அவர் காலமானார்.

சீறாப்புராணம் நாயகத்தின் வாழ்க்கை முழுவதையும் சொல்லி முடிக்கவில்லை. மதீனாவில் நடந்த சில நிகழ்ச்சிகளோடு நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைக் காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் பாடி நிறைவு செய்தார். அதற்குச் சின்னச் சீறா என்று பெயர்.

உமறு இறந்த பிறகு 139 ஆண்டுகள் சீறாப்புராணம் ஓலையிலேயே இருந்தது. ஓலைக்குப் பகை பல. கறையான் தின்னும். ஈரம் அரிக்கும். படி எடுப்பவர் கை தவறும். ஒரு பாட்டு ஓர் ஊரில் ஒரு மாதிரியும் இன்னோர் ஊரில் வேறு மாதிரியும் ஆகிவிடும்.

அதைக் காப்பாற்றியவர் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். புலவர் நாயகம் என்று போற்றப்பட்டவர். சிதறிக் கிடந்த ஏடுகளைத் தேடிச் சேர்த்து, ஒப்பிட்டுப் பார்த்து, 1842-ல் அச்சிட்டு வெளியிட்டார். பிற்காலத்தில் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் அதற்கு உரை எழுதினார். ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் செலுத்தும் சதாவதானம் செய்து புகழ் பெற்றவர் அவர்.

கோனார் எழுப்பிய நினைவிடம்

உமறுப் புலவர் எட்டயபுரத்திலேயே அடக்கமானார். நீண்ட காலம் அந்த இடத்தில் பெரிய கட்டடம் எதுவும் இல்லை.

1912-ம் ஆண்டு ஓர் அன்பர் அங்கே நினைவிடம் எழுப்பினார். அவர் கப்பல் முதலாளி அல்லர். ஜமீன்தார் அல்லர். முஸ்லிமும் அல்லர். கோனார் குலத்தைச் சேர்ந்தவர். புலவரிடம் கொண்ட பக்தியால் அதைச் செய்தார். பிற்காலத்தில் தமிழக அரசும் எட்டயபுரத்தில் உமறுப் புலவருக்கு மணிமண்டபம் கட்டியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ் கற்பித்தவர் கடிகைமுத்துப் புலவர். சபையில் இடம் கொடுத்தவர் எட்டப்ப ராஜா. பாடச் சொன்னவர் சீதக்காதி. வழி காட்டியவர் சதக்கத்துல்லாஹ் அப்பா. செலவை ஏற்றவர் அபுல் காசிம். அச்சில் ஏற்றியவர் நயினார் லெப்பை. சமாதிக்குக் கட்டடம் எழுப்பியவர் ஒரு கோனார். இத்தனை பேர் கை கொடுத்து ஒரு காப்பியம் நின்றது. இவர்களில் யாரும் தம் மதத்தை விட்டுக் கொடுக்கவில்லை. அடுத்தவரையும் விடச் சொல்லவில்லை.

எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீடும் இருக்கிறது. உமறுப் புலவரின் நினைவிடமும் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் குழந்தைகளை இரண்டு இடத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். பாரதியாரின் பாட்டுகள் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அடுத்த இடத்தில், மானுக்குப் பிணை நின்ற கதையைச் சொல்லுங்கள்.